வேம்பாருக்கு வெளியே

அந்த மூட்டை மேல காலை வைக்காதீங்க தம்பி. தப்பா எடுத்துக்கிடாதீங்க. பாய் அது. படுக்கிற பாய் இல்ல, வள்ளத்துல கட்டுற பாய். காத்துப் புடிக்கிற பாய். இந்தா, என் பக்கமா இழுத்துக்கிடுதேன். உங்க காலுக்கும் இடம் வேணும்லா.

எதுவரைக்கும் போறீய? வேளாங்கண்ணிக்கா? சரிதான், நானும் அங்கதான். தூத்துக்குடி ஸ்டாண்டுல ஏறும்போதே கண்டக்டர் இந்த மூட்டையைப் பாத்து, "என்ன பெரியவரே, நம்ம வண்டி டீசல்லயே ஓடும், பாயெல்லாம் கட்ட வேண்டாம்"னாரு. பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச காலமாவே எனக்கு எதுவும் ஒண்ணுமில்ல. பல் புடுங்குறதுக்கு ஊசி போட்டா கன்னம் ஒரு மாதிரி இருக்கும்லா? கிள்ளினாலும் தெரியாது. நம்ம கன்னம்தானான்னு தொட்டுப் பாக்கணும். அப்படி வச்சுக்கிடுங்க.

ஜன்னல் சீட்டு வேண்டாம் தம்பி, உங்களுக்கே இருக்கட்டும். வலப்பக்கம் கடல் வாற பக்கம். எனக்குக் கடல் என்ன புதுசா?

நான் தண்டல். பாய்த்தோணியை நடத்துறவனைத் தூத்துக்குடியில தண்டல்னுதான் சொல்லுவோம். கஸ்பார் தண்டல்னு பழைய துறைமுகத்துல கேட்டுப் பாருங்க. மாலத்தீவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஆட்டுக்குட்டின்னு என்னெல்லாமோ ஏத்திட்டுப் போயிருக்கேன். கரையே தெரியாத கடல்ல போயி, சொன்ன இடத்துல நங்கூரம் போட்டிருக்கேன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டி பஸ்ல ஏறிப் போயிட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியலை. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறது உண்டு. நாலு நாள் பேசாம இருக்கிறது உண்டு. எங்க வீட்டுலயும் எல்லாம் நடந்திருக்கு. ஆனா நான் வேளாங்கண்ணிக்குக் கடல் வழியா கூட்டிட்டுப் போறேன்னு திட்டம் போட்டு, எல்லாம் தயாரா வச்சிருக்கும்போது, ஒரு தண்டல் பெண்டாட்டி துணிப்பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனா எப்படி இருக்கும்? தெருவுல நாலு பேரு பாத்திருக்கான். "என்ன தண்டலே, அக்கா பஸ்ல போறாவ?"ன்னு என்கிட்டயே கேக்கான்.

எமரென்சி அவ பேரு. கல்யாணம் பண்ணும்போது எலும்பும் தோலுமா இருப்பா. இப்பவும் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரே பையன். கெபிஸ்டன். போன வருஷம் வைகாசியில வேம்பாருக்கு நேரே கடல்ல போயிட்டான். வள்ளம் மட்டும் வந்துச்சு. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது இந்தப் பயணத்தைப் பத்தி.

இல்ல தம்பி, கிடைக்கலை. தேடாமலா? ஊருல இருந்த போட்டு அத்தனையும் தேடிப் போச்சு. மூக்கையூர்க்காரங்கதான் வள்ளத்தைக் கட்டி இழுத்துட்டு வந்தாவ. வலை பாதி உள்ள, பாதி வெளிய கிடந்துச்சு. தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்ல. எமரென்சி அந்தச் சட்டியை மடியில வச்சுக்கிட்டு கரையில உக்காந்திருந்தா. ஊரே அழுதுச்சு. நான் தேடப் போற போட்டுக்காரனுக்கெல்லாம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது, எங்க பாக்கணும், எங்க பாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். யாராவது ஒருத்தன் சொல்லணும்லா. எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தா வேலை யாரு பாக்கிறது? சாமியார் பூசை வச்சாரு. எல்லாரும் என் கையைப் புடிச்சாவ. எனக்கு அந்தக் கையெல்லாம் ஈரமா இருந்ததுதான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே எமரென்சி சொன்னா. "ஏங்க, என்னை ஒரு தடவை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மெழுகுதிரி, நாலு பூ. அவனுக்குக் கல்லறை இல்லைல்லா. நான் எங்க போயி நிக்க?"

இவ்வளவுதான் அவ கேட்டது. வேம்பார் கடலுக்கு. விடியப் போனா பொழுதடையத் திரும்பிரலாம். வள்ளத்துல இன்ஜின் இருக்கு, டீசல் ஊத்தி எடுத்தாப் போதும். ஒரு நாள் வேலை. ஒரு தண்டல்கிட்ட இதையா கேக்கிறது? நான் பெருசா யோசிச்சேன் தம்பி. அங்கதான் என் குணம். சொன்னேன், "அதுக்கு மட்டும் போவானேன்? வேளாங்கண்ணிக்கே போவோம். மாதாவுக்கு நீ நேர்ந்த நேர்ச்சை வேற பாக்கி கிடக்கு. கடல் வழியாப் போவோம். பாய் கட்டிப் போவோம். போற வழியில அந்த இடமும் வந்திரும்லா."

அவ சட்டியில கரண்டியை வச்சுட்டு என்னையே பாத்தா. "கூட்டிட்டுப் போவீயளா?"

"போவேன்."

"நிசமாவா?"

"நான் என்னைக்குச் சொல்லித் தவறியிருக்கேன்?"

இப்படித்தான் ஆரம்பிச்சுது. வேளாங்கண்ணியில அவ தங்கச்சி இருக்கா, மெட்டில்டா. கோயில் தெருவுல மெழுகுதிரி கடை. அவகிட்ட போன்ல சொல்லியாச்சு. அக்காவும் அத்தானும் கடல்ல வாராவன்னு அவ தெரு பூராவும் சொல்லியாச்சு.

முதல் வேலையா இன்ஜினைக் கழட்டினேன். ஏன்னு கேட்டா, இன்ஜின் வச்சு யாரும் போவான். பாய் கட்டிப் போறதுக்குத்தான் தண்டல் வேணும். பாய்மரம் வைக்க இடம் பாத்து, அடிக்கட்டையை மாத்தி, ஓட்டை அடைச்சு, ஒவ்வொண்ணா செஞ்சேன். நல்லா நிதானமா செஞ்சேன். அவசரப்பட்டுக் கடல்ல இறங்குறவன் நானில்ல.

அப்புறம் வழி போடணும்லா? எனக்கு காகிதத்துல வராது. வீட்டுல முன் ரூம்பு நல்ல பெரிய தரை, சிவப்பு சிமெண்டு. அதுல சாக்பீஸை வச்சு கரையை வரைஞ்சேன். அடுப்படி நிலையில தூத்துக்குடி. அங்கருந்து மேல வேம்பார், மூக்கையூர், கீழக்கரை. டிவி ஸ்டாண்டுக்குக் கீழ பாம்பன். தொண்டி தாண்டி, அவ தையல் மிசினுக்கு அடியில கோடியக்கரை. அதைச் சுத்தித் திரும்பினா வாசப்படியில வேளாங்கண்ணி. வள்ளத்துக்குப் பதிலா ஒரு சோழியை வச்சுக்கிட்டேன், மாலத்தீவுல எடுத்தது. எங்க தங்கணும், எங்க தண்ணி புடிக்கணும், எந்த இடத்துல என்ன காத்து, எல்லாம் தரையிலேயே. வீட்டுக்கு வாறவங்ககிட்ட, "கடல்ல மிதிக்காதீய, கரையோரமா வாங்க"ன்னு சொல்லுவேன். பாதிரியாரே சேசுவேன்னு ஓரமாத்தான் வந்தாரு. எமரென்சி எனக்கு சோத்துத் தட்டை ராமேஸ்வரத்துல வைப்பா. அங்கதான் ஃபேன் காத்து வரும்.

நல்லா இருந்துச்சு தம்பி அந்தக் காலம். உள்ளதைச் சொல்லணும். பையன் போனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசினது அந்தத் தரையைப் பாத்துத்தான். "கீழக்கரையில எங்க படுப்போம்?"னு கேப்பா. "வள்ளத்துலேயே படுக்கலாம்"பேன். "எனக்கு வாந்தி வந்தா?"ம்பா. "எலுமிச்சம்பழம் வச்சுக்கோ"ம்பேன். கருவாடு எவ்வளவு, அரிசி எவ்வளவு, அடுப்பு எந்தப் பக்கம். தோணியில சமையல்காரனைப் பண்டாரின்னு சொல்லுவோம். "ஏ பண்டாரி, டீ போடு"ம்பேன். லேசா சிரிப்பா. சிரிச்சுட்டு, "அந்த இடத்துல எவ்வளவு நேரம் நிப்போம்?"னு கேப்பா. "காத்தைப் பொறுத்து"ன்னு சொல்லுவேன்.

காத்து. அதுதான் எல்லாம். வடக்க போறதுக்குக் கச்சான் வேணும், தெக்கேயும் மேக்கேயும் இருந்து வருமே, அந்தக் காத்து. சித்திரைக்கு அப்புறம் வரும், புரட்டாசி வரைக்கும் நிக்கும். முதல்ல மெதுவாத்தான் அடிச்சுது. மெதுவா அடிச்சா பாய் நிறையாது. வேண்டாம்னேன். ஆனி ஆடியில பலமா அடிச்சுது. பொம்பளையைக் கூட்டிக்கிட்டு இந்தக் காத்துல போக முடியுமா? வேண்டாம்னேன். ஆவணியில நல்ல காத்துதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனா பாய் முடியலை.

இந்தப் பாயை அவதான் தைச்சா. இந்த மூட்டையில கிடக்குல்லா, இதைத்தான். கையால. மிசின்ல இந்தத் துணி ஏறாது. உள்ளங்கையில தோல் கட்டிக்கிட்டு, கோணி ஊசி மாதிரி ஊசியால, சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து தைப்பா. முடிச்சிட்டேன்னு கொண்டு வந்து காட்டினா. விரிச்சுப் பாத்தேன். ஒரு ஓரத்துல தையல் லேசா கோணல். பிரின்னேன். பிரிச்சா. திரும்பத் தைச்சா. இன்னொரு இடத்துல ரெண்டு துணி ஏறுற இடம் அகலம் பத்தாது. அதையும் பிரிக்கச் சொன்னேன். வாயில நூலைக் கடிச்சுக்கிட்டு பிரிச்சா. காத்து தையலுக்குள்ளதான் தம்பி முதல்ல நுழையும். நான் அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்?

அப்புறம் பாம்பன் பாலம். பெரிய பாய்மரம் வச்சுக்கிட்டு அடியில போக முடியாது, பாலத்தைத் திறக்கணும். நினைச்ச நேரத்துக்குத் திறப்பாங்களா? மனு கொடுக்கணும், நாலு கப்பல் சேரணும், காத்துக் கிடக்கணும். அவ கேக்கா, "மரத்தைக் கழட்டிப் படுக்க வச்சா அடியில போயிரலாம்லா?" பாத்தீயளா கேள்வியை. பாய் கட்டிப் போறவன் பாலத்துக்குப் பயந்து மரத்தை இறக்குவானா? நான் முறையா மனு கொடுத்துத்தான் போவேன்னேன். மனு எழுத ஆள் பாக்கணும். அதுல கொஞ்ச காலம் போச்சு.

என்ன, குளத்தூர் தாண்டியாச்சா? சரி சரி.

அவ தண்டல் பெண்டாட்டிலா, கூடவே இருந்து கூடவே இருந்து கொஞ்சம் தெரியும். ஒரு நாள் தரையைத் துடைச்சுக்கிட்டிருந்தவ அப்படியே குந்தி உக்காந்துட்டா. வேம்பாருக்கிட்ட. "ஏங்க, இந்தக் கோடு ஏன் இங்க மட்டும் வெளிய போகுது?"ன்னா.

நான் போட்ட கோடு தூத்துக்குடியில இருந்து கரையோரமாப் போகும். வேம்பாருக்கு வரும்போது கடலுக்குள்ள நல்லா விலகிப் போயி, மூக்கையூர் தாண்டி திரும்பக் கரைக்கு வரும். நான் சொன்னேன், "அங்க பார் இருக்கு. அடியில பாறை. வள்ளம் தட்டும்."

"தினமும் அதுலதான போட்டு போகுது? நம்ம பையனே தினமும் போனானே."

"அவன் இன்ஜின்ல போனான். இது பாய்."

நான் எதுக்கும் பத்திரமா இருக்கட்டும்னு கோட்டை அழிச்சுட்டு இன்னும் கொஞ்சம் வெளிய போட்டேன். அம்புட்டு வெளிய போனா கரையே தெரியாதுங்கா. தெரியாட்டி என்ன, எனக்குத் திசை தெரியாதான்னேன். "அவன் இருக்கிற இடம் தெரியாதே"ன்னா. நான் பாயை எடுத்து விரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்.

தம்பி, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. சாரல் அடிக்கும். மழை இல்லைதான், எனக்கும் தெரியுது. அடிக்கும். வானத்தைப் பாத்து எனக்குத் தெரியாதா? நல்லா அடி வரைக்கும் இறக்குங்க. ஆ, போதும். இது நல்லா இருக்கு. இருட்டா இருந்தா கண்ணுக்குக் குளிர்ச்சி.

எங்க விட்டேன்? காத்து. ஐப்பசி வந்துச்சு, காத்து மாறிப்போச்சு. வாடை. வடக்க இருந்து முகத்துல அடிக்கிற காத்து. வாடையில வடக்க போக முடியாது. யாராலயும் முடியாது. "இனி அடுத்த கச்சானுக்குத்தான்"னு சொன்னேன். எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. ஏன்னா அவசரமில்லைலா, எல்லாத்தையும் இன்னும் ஒழுங்கா பாக்கலாம். அவ "சரி"ன்னா. சரின்னுதான் சொன்னா. பொம்பளை சரின்னா என்ன அர்த்தம்னு எவனுக்குத் தெரியும்?

கல்லறைத் திருநாள் வந்துச்சு. எங்க ஆளுக அன்னைக்கு எல்லாரும் கல்லறைக்குப் போவோம். கழுவி, பூ வச்சு, மெழுகுதிரி கொளுத்தி, சாமியார் வந்து தண்ணி தெளிப்பாரு. நான் எங்க அப்பா கல்லறைக்குப் போயிட்டேன். எமரென்சி வரலைன்னுட்டா. தலைவலின்னா.

திரும்பி வந்து வீட்டுக்குள்ள நுழையுதேன், லைட்டு போடலை. தரையில ஒரு வெளிச்சம். என்னன்னு பாத்தா, வேம்பாருக்கு நேரே கடல்ல, சிமெண்டுல, மெழுகுதிரி நட்டு வச்சிருக்கா. சுத்தி செவ்வந்திப் பூ பிச்சுப் போட்டிருக்கா. அவ பக்கத்துல முட்டு போட்டுக்கிட்டு இருக்கா. மெழுகு ஒழுகி நான் போட்ட கோடு வரைக்கும் வந்திருச்சு.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஒரு திட்டம் போட்டு வச்சிருக்கிற இடத்துல மெழுகுதிரி வைக்கலாமா? மெழுகு சிமெண்டுல ஒட்டினா போவுமா? நான் சத்தம் போடலை. எனக்குக் கோவம் கூட வரலை. குனிஞ்சு ஊதி அணைச்சேன். கத்தியை எடுத்துட்டு வந்து சுரண்டினேன். நல்லா சுரண்டினேன். பூவை எல்லாம் கூட்டி அள்ளினேன். அவ முட்டு போட்டபடியே பாத்துக்கிட்டிருந்தா. "கோடு அழிஞ்சிருச்சு பாரு"ன்னேன். கத்தியைக் கழுவி வச்சுட்டு சாப்பிட உக்காந்தேன். ராமேஸ்வரத்துலதான் தட்டை வச்சா. எப்பவும் போலத்தான் சோறு போட்டா. அதனால எனக்கு ஒண்ணும் தெரியலை.

காலையில துணிப்பையோட நிக்கா. "நான் மெட்டில்டா வீட்டுக்குப் போறேன். நீங்க கடல் வழியா வாங்க. அவனைப் பாத்துட்டு வாங்க. வந்தீயன்னா ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குத் திரும்புவோம். வராட்டி நான் அங்கேயே மெழுகுதிரி வித்துக்கிட்டு இருந்துக்கிடுதேன்"னா. வாடையில எப்படிடி வர முடியும்னு கேட்டேன். அதுக்குள்ள தெருமுனைக்குப் போயிட்டா.

பஸ்ல. அதைத்தான் சொல்லுதேன். அடுத்த கச்சானுக்குப் பொறுத்திருக்கலாம்லா?

அவ போன பிறகு வீடு நல்லாத்தான் இருந்துச்சு. சத்தமே இல்ல. ஆனா ஒண்ணு. நான் தரையைக் கூட்டித் துடைச்சேன், கடல் எல்லாம் அழிஞ்சு போச்சு. பாம்பன் இல்ல, தொண்டி இல்ல. அப்பதான் யோசிக்கேன், அவ தினமும் துடைப்பாளே, அப்பல்லாம் எப்படி அழியாம இருந்துச்சுன்னு. துடைச்சுட்டு அவதான் திரும்ப வரைஞ்சிருக்கா. ஒவ்வொரு நாளும். கோணல் இல்லாம. வெளிய போற அந்தக் கோட்டையும் சேத்துத்தான் வரைஞ்சிருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது. இப்ப தரையில ஒண்ணுமே இல்ல, சுரண்டின இடம் மட்டும் வெள்ளையா கிடக்கு. அது போக மாட்டேங்குது. அது மேல மிதிக்காம நடக்க வேண்டியிருக்கு. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா கூட சுத்தித்தான் போறேன்.

அதான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. வேளாங்கண்ணிக்கு இந்தப் பக்கத்துல செருதூர்னு ஒரு மீன்புடிக்கிற ஊரு. அங்க என் தோணியில வேலை பாத்த பழைய ஆள் ஒருத்தன் இருக்கான், ரெமிஜியுஸ். அவன்கிட்ட ஒரு வள்ளம் இருக்கு. நான் பஸ்ல போயி அங்க இறங்கி, இந்தப் பாயை அதுல கட்டி, காலையில கோயிலுக்கு நேரே கடற்கரையில போயி ஏறுவேன். மெட்டில்டாகிட்ட போன்ல சொல்லிட்டேன், அத்தான் கடல்ல கிளம்பிட்டேன், அக்காகிட்ட சொல்லுன்னு. எமரென்சி கரைக்கு வருவா. அவ தைச்ச பாயைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிருவா. வாடையில எப்படி வந்தீயன்னு கேப்பா. அதுக்கும் பதில் வச்சிருக்கேன். காத்து நடுவுல ரெண்டு நாள் ஓஞ்சுது, துடுப்புப் போட்டேன்னு சொல்லுவேன்.

அவனைப் பாத்தீயளான்னு கேட்டா என்ன சொல்லுவேன்னா கேக்கீய?

கேப்பா. அதான் முதல்ல கேப்பா. பாத்தேன்னு சொல்லணும். சொல்லிருவேன். வாய்தானே. சொன்னா என்ன?

இருங்க, போன் அடிக்குது. அவதான். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க தம்பி.

ஆ, எமரென்சி. கேக்குது, கேக்குது... கடல்லதான், பின்ன எங்க?... காத்து இரைச்சல் அது... ஆமா, கரையோரமாத்தான் வாரேன், அதான் டவர் கிடைக்குது... சாப்பிட்டேன். இட்லி... யோவ் கண்டக்டரே, மெல்ல கத்துய்யா!... இல்ல, ஒண்ணுமில்ல. அது வந்து...

ம்.

ஆமா. சாயல்குடி... பஸ்ஸுதான்... ம்... வலப்பக்கம். ஜன்னல்ல ஒரு தம்பி இருக்காரு. நான் இந்த ஓரம்... ம்... தாண்டியாச்சு...

எமரென்சி.

ஷட்டர் இறக்கிக் கிடக்கு... நான்தான். நான்தான் இறக்கச் சொன்னேன்... ம்... நீயுமா?... சரி... சரி... வச்சிருதேன்.

வச்சிட்டா.

திட்டுவான்னு நினைச்சேன். பொய் சொன்னதுக்குத் திட்டலை. சாயல்குடின்னு கண்டக்டர் போட்ட சத்தம் அங்க வரைக்கும் கேட்டிருக்கு. "அப்ப அவனைத் தாண்டிட்டீயளா?"ன்னா. வேம்பாரைத் தாண்டிட்டீயளான்னு கேக்கலை தம்பி. அவனைத் தாண்டிட்டீயளான்னா. பாத்தீயளான்னா. எனக்குப் பாத்தேன்னு சொல்ல வரலை. எவ்வளவு சுலபம்னு இப்பதானே உங்ககிட்ட சொன்னேன். வாயில வரலை.

அப்புறம் அவ சொல்லுதா, "எனக்கும் வரும்போது அப்படித்தாங்க. நான் ஜன்னல்லதான் இருந்தேன். அவனைப் பாக்கத்தான் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். வேம்பார் வந்துச்சு, முக்காட்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன். சாயல்குடியிலதான் எடுத்தேன்"ங்கா. மெட்டில்டா கிட்ட கூட சொல்லலையாம்.

அவளும் பாக்கலை.

நான் என்னமோ அவ தைரியமா பாத்துட்டுப் போயிட்டா, நான் மட்டும்தான்னு... அது கிடக்கட்டும். இல்ல, கிடக்க வேண்டாம். எங்க பையன் தம்பி அவன். சோத்துச் சட்டியைக் கூட திறக்காம போயிட்டான். ரெண்டு பேரும் அவன் வாசலைத் தாண்டி மூஞ்சியை மூடிக்கிட்டுப் போயிருக்கோம், கடன்காரனைக் கண்ட மாதிரி.

எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அந்த ஊசி மரப்பு விடும்போது கன்னம் விண்ணு விண்ணுனு வலிக்கும்லா, அப்படி வருது. ஒண்ணுமில்ல, தண்ணி வேண்டாம். அந்த ஷட்டரை மட்டும் தூக்கி விடுங்க. என்ன, வரலையா? மாட்டிக்கிட்டுதா? இருங்க, நானும் புடிக்கேன். கால் வைக்க இடம் இல்லையா? அந்த மூட்டை மேல வையுங்க. பரவால்ல, நல்லா மிதிச்சு நில்லுங்க. துணிதானே. ம், தூக்குங்க... ம்... வரலை. துரு புடிச்சிருக்கு. விடுங்க, விடுங்க, கை போயிரும்.

கண்டக்டரே! ஏ தம்பி கண்டக்டரே! கொஞ்சம் இங்க வாங்க. இல்லய்யா, சண்டை இல்ல. வேளாங்கண்ணியில இருந்து திரும்ப இதே வண்டிதானே வரும்? நாளை மறுநாள் எங்களுக்கு ரெண்டு சீட்டு வேணும். நானும் வீட்டுக்காரியும். இடப்பக்கம். வரும்போது கடல் இடப்பக்கம்லா வரும். வெயில் அடிச்சா அடிக்கட்டும். ஜன்னலோட ரெண்டு சீட்டு.

ஷட்டர் மாட்டிக்கிடாத ஜன்னலாப் பாத்துக் குடுங்க.